மொட்டைக் குண்டு

ஆயுதப்படை மைதானத்தில் டி.எஸ்.பி. ரங்கபாஷ்யம் சுட்டு மார்க் குறைந்ததே இல்லை. மார்க் போடுவதும் அவரேதான்.

தேர்த் திருவிழா பந்தோபஸ்து முடிந்து, கால் வீங்கி, கண் எரிய அவர் முன்னால் வந்து நின்றாள் ஏட்டு பிலோமினாள். அவளுக்கு வேண்டியது ஒரு நாள் லீவு. தூங்க வேண்டும், அவ்வளவுதான்.

"ரிவால்வர் சுடுறதுல என்னை ஜெயிச்சுட்டு லீவு எடுத்துக்கம்மா. குறி பார்த்துச் சுடுற தாள் ஒண்ணுதான் இருக்கு. ரெண்டு பேரும் அதுலயே சுடுவோம்" என்றார்.

நல்ல ஓட்டைகளை எல்லாம் அவர் தன் பேரில் எழுதிக்கொள்வார் என்று சுற்றி நின்றவர்களுக்குத் தெரியும்.

"சரிங்கய்யா. மணிக்கட்டு வலிக்குது, எனக்கு அந்த மொட்டைக் குண்டு குடுங்க. அது அவ்வளவா உதைக்காது."

"முனை தட்டையான குண்டை இந்தக் காலத்துல எவன் போடுறான்?" என்று சிரித்துக்கொண்டே அவர் தன் ரிவால்வரில் வழக்கமான உருண்டை முனைக் குண்டுகளை நிரப்பினார்.

சுட்டு முடிந்ததும் தாளைக் கொண்டுவந்தார்கள். "நடுவுல இருக்கிறது பூரா என்னுது" என்றார் டி.எஸ்.பி.

"இருக்கட்டுங்கய்யா. ஆனா மொட்டைக் குண்டு பஞ்சிங் மிஷின் மாதிரி வட்டமா வெட்டும். உங்க குண்டு தாளைக் கிழிச்சுக்கிட்டுப் போகும். கொஞ்சம் பாருங்க."

நடுவில் இருந்தவை எல்லாம் சுத்தமான வட்டங்கள். கிழிசல்கள் ஓரத்தில் சிதறிக் கிடந்தன. பின்வரிசையில் யாரோ இருமிச் சிரிப்பை அடக்கினார்கள்.

டி.எஸ்.பி. லீவு லெட்டரில் கையெழுத்துப் போட்டார். "நாளைக்கு நானும் மொட்டைக் குண்டு போட்டா என்ன செய்வே?"

"நாளைக்கு நான் தூங்குவேங்கய்யா" என்றாள் பிலோமினாள்.