பூவலிங்கம் நின்ற விதம்

பூவலிங்கம் மறுபடி மடத்துக்கு வந்தபோது முகத்தில் களை இல்லை.

அவன் உமையாளம்மையாரிடம் ஓராண்டு பாடம் கேட்டவன். கூட்டத்தில் நின்று பேசும் கலை. குருவைவிடச் சீடனுக்குப் பத்து வயது கூடுதல். அதற்காக அம்மையார் அவனை விட்டுவைக்கவில்லை. முதலில் வந்தபோது அவன் வாயைத் திறந்தால் கை ஈ ஓட்டும், கால் இருப்புக்கொள்ளாது, தோள்துண்டு பத்து முறை இடம் மாறும். அம்மையார் தலையில் தண்ணீர்ச் செம்பை வைத்துப் பேசச் சொன்னார். நின்ற இடம் பெயரக்கூடாது, கண் கூட்டத்தைவிட்டு விலகக்கூடாது என்றார். எத்தனையோ செம்புத் தண்ணீரில் நனைந்த பிறகு, ஒருநாள் சொட்டுக்கூடச் சிந்தாமல் பேசி முடித்தான்.

"என்ன ஆச்சு?" என்று கேட்டார் அம்மையார்.

அவன் சொன்னான். ஊரில் யாரோ ஏரி மடையை உடைத்துவிட்டார்கள். விளைந்து நின்ற நெல் முழுக்கத் தண்ணீரோடு போனது. பழி மாயழகு மேல் விழுந்தது. மாயழகு பூவலிங்கத்தின் பால்ய சிநேகிதன். மடை உடைந்த அன்று இருவரும் வெளியூர் மாட்டுச் சந்தையில் ஒன்றாக இருந்தார்கள். அதைச் சொல்லப் பூவலிங்கத்தை விட்டால் வேறு ஆள் கிடையாது. ஊர் கூடியது, அவனும் சொன்னான். ஊர் நம்பவில்லை. மாயழகு பெண்டாட்டி பிள்ளைகளோடு ஊரைவிட்டுப் போக வேண்டியதாயிற்று. எந்தத் திசையில் போனான் என்றுகூட யாருக்கும் தெரியாது.

"ஒரு வார்த்தை தடுமாறலை அம்மா. கை அசையலை, கால் நகரலை. நான் எங்கே தப்புப் பண்ணினேன்?"

அம்மையார் எழுந்தார். "மாயழகு எங்கே உட்கார்ந்திருந்தார்?"

"எனக்குப் பின்னாடி. பழி விழுந்தவன் தரையிலதான் உட்காரணும், எங்க ஊர் வழக்கம்."

அம்மையார் மடத்திலிருந்த நாலைந்து பேரை அவனுக்கு எதிரே உட்காரவைத்தார். தான் போய் அவனுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தார். அன்றைக்குப் பேசியதை அப்படியே பேசச் சொன்னார்.

பேசினான். பிசிறில்லாத பேச்சு. எதிரே இருந்தவர்கள் கண்ணை எடுக்கவில்லை.

பாதியில் பின்னாலிருந்து குரல் வந்தது. "நான் இப்ப அழுறேனா, சிரிக்கிறேனா?"

பூவலிங்கம் திரும்பவில்லை. பழக்கம் அப்படி. தெரியவில்லை என்று கூட்டத்தைப் பார்த்தபடியே பதில் சொன்னான். சொன்ன பிறகுதான் உறைத்தது.

அன்று கூட்டம் கலையும்போது ஊர்ப்பெரியவர் முணுமுணுத்தது நினைவுக்கு வந்தது. அவனுக்காகப் பேச வந்தவனே அவன் முகத்தைப் பார்க்கக் கூசுகிறான், நாம் எதை நம்புவது என்றார். அப்போது பூவலிங்கத்துக்கு அது விளங்கவில்லை.

"மாயழகு கூப்பிட்டான் அம்மா," என்றான். "பேசிக்கிட்டிருக்கும்போது ரெண்டு தடவை என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். காதுல விழுந்துச்சு. திரும்பினா நிலை கலைஞ்சுடும்னு விட்டுட்டேன்."

அம்மையார் தரையைவிட்டு எழவில்லை.

பழையபடி கையை ஆட்டிக்கொண்டு உளறியிருந்தால்கூட மாயழகு இந்நேரம் ஊரில் இருந்திருப்பான் என்று பூவலிங்கம் அழுதான். ஐம்பது வயது ஆள், எல்லார் முன்னாலும் அழுதான். பிறகு கேட்டான். "அவன் என்னை மன்னிச்சிருப்பானா அம்மா?"

"தெரியாது. அவர் கடைசியாப் பார்த்தது உங்க முதுகைத்தான். அதை நிமிர்த்தி விட்டவ நான்."