பூசணிக்கு வண்டான வணிகர்

செவியுடையோர் கேளுங்கள், செவியிருந்தும் கேளாதோர், பிறகு அருகிலிருப்பவரிடம் கேட்டறியுங்கள்.

முன்னொரு காலத்தில், மருதங்காவு என்னும் நகரில் விருத்தகிரி என்றொரு பட்டு வணிகர் இருந்தார். அவருடைய உடம்பு பெரிது. வீடு அதனினும் பெரிது. தம்மைப் பற்றி அவர் கொண்டிருந்த எண்ணம் அவ்விரண்டினும் பெரிது.

வீட்டின் பின்புறம் அவருக்கொரு தோட்டம் இருந்தது. அதில் சருகு விழுந்தால் தீயிட்டார். புழு நெளிந்தால் பாஷாணம் கரைத்துத் தெளித்தார். முருங்கையில் தேனீ கூடு கட்டியபோது கந்தகப் புகை மூட்டினார். "என் தோட்டத்தில் என்னைக் கேளாமல் எறும்பும் நுழையாது" என்று கடைக்கு வந்தோரிடமெல்லாம் மார்தட்டினார். பட்டு வாங்க வந்தவர்கள் இதையும் கேட்டுத் தொலைக்க வேண்டியதாயிற்று.

அடுத்த வீட்டு நாச்சி அப்பம் சுட்டு விற்றுப் பிழைப்பவள். அரிசி கழுவிய நீர், அடுப்புச் சாம்பல், மக்கிய காய்த்தோல் யாவும் அவள் செடிகளுக்கே. அவள் தோட்டத்துக் கல்லிடுக்கில் தேரையும் வேலியில் ஓணானும் குடியிருந்தன. "குப்பைமேடு!" என்று விருத்தகிரி மூக்கைப் பொத்திக்கொள்வார்.

அவ்வாண்டு அரசர் புதிய அரண்மனை கட்டினார். புதுமனை புகும் நாளில் வாயிலில் கட்டப் பூசணிக்காய் தேவைப்பட்டது. விருத்தகிரி அவையில் எழுந்தார். "அரசே, என் தோட்டத்துப் பூசணியே தங்கள் வாயிலில் தொங்கும். தவறினால் இந்தத் தலைப்பாகை என் தலையில் இராது!" என்றார். தலைப்பாகையை எவரும் கேட்கவில்லை; அவராகவே பணயம் வைத்தார்.

கொடி படர்ந்தது. பூ மலர்ந்தது. காய் மட்டும் நிற்கவில்லை. பூவின் அடியில் பிஞ்சு தோன்றும். மூன்றாம் நாள் மஞ்சளித்து உதிரும்.

அறிவுள்ளவன் கொடியைப் பார்ப்பான். விருத்தகிரி வேலியைப் பார்த்தார். வேலிக்கு அப்பால் நாச்சி நின்றுகொண்டிருந்தாள். போதாதா? கண்ணேறு என்று முடிவு கட்டிவிட்டார்.

வைக்கோல் பொம்மை நட்டார், பிஞ்சு உதிர்ந்தது. எலுமிச்சையும் மிளகாயும் கோத்துக் கட்டினார், பிஞ்சு உதிர்ந்தது. கழுதைப் படம் எழுதி மாட்டினார். அப்போதும் பிஞ்சு உதிர்ந்தது. கழுதை மட்டும் தன் உறவினரைக் கண்டதுபோல் அவரைப் பார்த்துப் பல்லிளித்தது.

விழாவுக்கு நாற்பது நாள் இருக்கையில் அவர் அரசரிடம் ஓடி, நாச்சியையும் அவைக்கு வரவழைத்தார். "அரசே, இந்த அப்பக்காரியின் கொள்ளிக்கண் என் கொடியைக் கருக்குகிறது. இவளை ஊரைவிட்டு விரட்டினாலன்றித் தங்கள் வாயிலுக்குப் பூசணி இல்லை."

அரசர் நாச்சியை நோக்கினார். அவள் அஞ்சவில்லை.

"அரசே, அவர் கொடியை ஒரே ஒரு விடியற்காலை என்னிடம் விடச் சொல்லுங்கள். என் கண்ணும் படட்டும், கையும் படட்டும். காய் நிற்காவிட்டால் நானே அடுப்பைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறேன்."

"போகிறவளுக்கு வண்டி நானே பிடித்துத் தருகிறேன்!" என்று விருத்தகிரி சிரித்தார்.

மறுநாள் விடியலில், சேவகர்கள் சூழ நிற்க, நாச்சி தன் கொடியிலிருந்து ஆண் பூக்களைப் பறித்து வந்தாள். இதழ்களைக் கிள்ளி எறிந்துவிட்டு, நடுத்தண்டின் மகரந்தத்தை அவர் கொடியின் மூன்று பெண் பூக்களுக்குள் மெல்லத் தடவி, அவற்றின் காம்பில் நூல் கட்டினாள். வேறு மூன்று பூக்களைத் தொடாது விட்டாள்.

ஏழாம் நாள் அரசரே வந்து பார்த்தார். தொடாத மூன்றும் உதிர்ந்து கிடந்தன. நூல் கட்டிய மூன்றும் பருத்துத் தொங்கின.

"இது தேனீயின் வேலை, அரசே" என்றாள் நாச்சி. "கூட்டை இவர் புகைத்தார். தப்பியவை பாஷாணம் பட்ட பூவில் மாண்டன. பத்துக் காய்த்த என் கொடியில் இவ்வாண்டு இரண்டே காய். முறைப்படி வழக்குக் கொண்டுவர வேண்டியவள் நானல்லவா?"

"வணிகரே, அவள் கண் பட்டதும் காய்த்தது, கை பட்டதும் காய்த்தது, உமது கை பட்டதுதான் கருகியது. என் வாயிலில் தொங்கப்போவது அவள் காய்க்க வைத்த பூசணி, நீர் விளைவித்ததன்று. தலைப்பாகையை இறக்கும்" என்றார் அரசர். "கொன்ற தேனீக்கள் திரும்பி வரும்வரை, அவற்றின் வேலையை நீரே செய்யும். உமது தோட்டத்தில் மட்டுமல்ல, தெரு முழுவதும்!"

அன்று முதல் விடியற்காலைதோறும், வெறுந்தலையோடும் கையில் பூவோடும், பெருவயிற்றை மடக்கிக் குனிந்து, வீடு வீடாக விருத்தகிரி பூசணிப் பூக்களைத் தடவினார்.

"ஏ நாச்சி, உன் வீட்டுக்கு வண்டு வந்தாயிற்றா?" என்று பெண்கள் வேலி தாண்டிக் கேட்டார்கள்.

"வந்தாயிற்றடி! இன்னும் ரீங்காரம்தான் பழகவில்லை" என்றாள் அவள்.

விருத்தகிரி பாஷாணத்தை மறந்தார். சருகைக் கொளுத்தாமல் மக்க விட்டார். மறு ஆண்டு ஒரு காலை, அவர் தடவக் குனிந்த பூவில் ஒரு தேனீ வந்து அமர்ந்தது. அவர் கையை இழுத்துக்கொண்டு பின்வாங்கி நின்றார். வாழ்நாளில் அவர் ஒருவருக்கு வழிவிட்டது அன்றுதான்.

தோட்டத்துச் சிற்றுயிர்களை நஞ்சிட்டுக் கொன்றுவிட்டு விளைச்சலுக்குக் காத்திருப்பவன், அயலாரின் கண்ணைப் பழிக்குமுன் தன் கையைப் பார்க்கக் கடவன்.