வளைகோட்டில் ஒரு முகம் குறைவு

"இது இடம் விட மாட்டேங்கு, டீச்சர்" என்றாள் தெய்வக்கனி.

ரஹ்மத் எது என்று கேட்கவில்லை. நாற்காலியைக் காலால் உந்திப் பக்கத்துக் கம்ப்யூட்டருக்கு நகர்ந்து வந்தாள்.

திசையன்விளை பஸ் ஸ்டாண்டை ஒட்டிய பேனர் கடை அது. ரஹ்மத் அங்கே டிசைன் போடுகிறவள்; தெய்வக்கனி அவளிடம் வேலை கற்றுக்கொள்கிறவள். தெய்வக்கனியைவிட வயதில் ரொம்ப இளையவள். ஆனாலும் மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவள் என்பதால் தெய்வக்கனிக்கு அவள் டீச்சர். ரஹ்மத்துக்குத் தெய்வக்கனி, அக்கா.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு இந்த வயதில் கம்ப்யூட்டரா என்று கடைக்கு வந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். ரஹ்மத் சிரித்ததில்லை. அதிகம் பேசியதும் இல்லை. சந்தேகம் கேட்டால் செய்து காட்டுவாள். அவ்வளவுதான்.

திரையில் இருந்தது தெய்வக்கனியின் புருஷன் படம். முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. மறுநாள் காலையில் தெருமுனையில் கட்டியாக வேண்டிய பேனர்.

படத்துக்குக் கீழே பிறை மாதிரி ஒரு வளைகோடு. அதன் மேல் வரிசையாகச் சின்னச் சின்ன வட்டங்கள். வட்டத்துக்கு ஒரு சொந்தக்காரர் முகம் என்று கணக்கு. கல்யாணமோ கருமாதியோ, அந்தப் பக்கத்தில் முகங்கள் இல்லாமல் பேனர் கிடையாது. விட்டுப்போன முகத்துக்காகப் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்கள் உண்டு.

வட்டங்களை ஒவ்வொன்றாக வரைய வேண்டியதில்லை. கோட்டின் இரண்டு முனையிலும் ஒவ்வொன்று போட்டுவிட்டு, நடுவில் எத்தனை வேண்டும் என்று கட்டத்தில் எண்ணைத் தட்டினால் போதும். மீதியைக் கம்ப்யூட்டரே வளைவு பிசகாமல், ஒரே இடைவெளி விட்டு நிறுத்திவிடும். தெய்வக்கனி முனையிலிருந்த இரண்டுக்கும் முகம் வைத்துவிட்டாள். ஒரு முனையில் கொழுந்தன் சுயம்பு. அண்ணன் போன பிறகு வீட்டுக்குப் பெரியவர் அவர்தான். இன்னொரு முனையில் அவளே. நடுவில் இருந்தவை இன்னும் வெறும் வட்டங்கள்.

"ஒண்ணைக் குறைச்சேன். மத்ததெல்லாம் நகர்ந்து அந்த இடத்தை மூடிக்கிடுது."

"மூடினா நல்லதுதானேக்கா?"

தெய்வக்கனி சேலைத் தலைப்பைத் திருகினாள். பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

மகள் செண்பகம் வேற்றுச் சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போனவள். தகப்பன் இறந்த அன்று அவளுக்குச் சொல்லிவிடக் கூடாது என்றார் சுயம்பு. யாரும் சொல்லவில்லை. மகளின் நம்பர் தெய்வக்கனியின் போனில்தான் இருந்தது. யார் வாயால் கேள்விப்பட்டாளோ, செண்பகம் வந்துவிட்டாள். அவள் வந்து சேர்ந்தபோது உடலை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். தெருமுனை வரைக்கும் வந்தவள் அதற்குமேல் வரவில்லை. வாசலில் நின்ற தெய்வக்கனி அவளைப் பார்த்தாள். பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இப்போது, அந்தப் பிள்ளை முகம் பேனரில் இருந்தால் எங்கள் ஆட்கள் யாரும் உன் வாசல் மிதிக்க மாட்டோம் என்று சுயம்பு சொல்லியனுப்பியிருந்தார். மகன்கள் இரண்டு பேரும் சித்தப்பா பக்கம். நாளைக்குப் படத்துக்கு முன்னால் அவள் மட்டும் தனியாக நிற்க வேண்டியிருக்கும்.

அதனால்தான் தெய்வக்கனி இந்த வழியைக் கண்டுபிடித்திருந்தாள். முகம் வேண்டாம். மகன்களுக்கு நடுவில் ஒரு வட்டத்தின் அளவு இடம் மட்டும் காலியாக இருக்கட்டும்.

"அவ பஸ்ஸுல போகும்போது பார்ப்பா, டீச்சர். அது தன்னோட இடம்னு அவளுக்குத் தெரியும். வேற எவருக்கும் தெரியாண்டாம்."

ரஹ்மத் மவுஸை வாங்கிக்கொண்டாள்.

கட்டத்தில் இருந்த எண்ணில் இன்னும் ஒன்றைக் குறைத்தாள். ஒரு வட்டம் போயிற்று. மற்றவை தள்ளித் தள்ளி நின்றுகொண்டன.

"எங்கயாவது ஆள் குறையுறது தெரியுதா?"

"தெரியல."

இன்னும் ஒன்று.

"இப்ப?"

"இப்பவும் தெரியல. எல்லாம் ஒழுங்காத்தான் நிக்கி."

ரஹ்மத் நிறுத்தவில்லை. ஒன்று போக ஒன்று போக, மிச்சமிருந்தவை தாராளமாகப் பரவி நின்றன. எந்த நேரத்தில் பார்த்தாலும் அந்த வரிசை நிறைந்த வரிசையாகவே இருந்தது. யாரும் அங்கே இருந்துவிட்டுப் போனதற்கு ஒரு அடையாளமும் இல்லை.

கடைசியில் நடுவில் ஒன்றுமே இல்லை.

ஒரு முனையில் சுயம்பு. ஒரு முனையில் தெய்வக்கனி. இடையில் நீளமாக ஒரு வெறும் கோடு. மேலே அவள் புருஷன், ஏதோ கல்யாணத்தில் எடுத்த படத்தில் இருந்தபடி சிரித்துக்கொண்டிருந்தார்.



"என் வீட்டையே காலி பண்ணிட்டீங்களே, டீச்சர்."

தெய்வக்கனி திரையில் முனை இரண்டையும் விரலால் தொட்டாள்.

"இந்த ரெண்டையும் எடுக்க முடியாதா?"

"முடியாதுக்கா. மத்ததெல்லாம் நிக்கிறதே இந்த ரெண்டைப் பிடிச்சுத்தான்."

தெய்வக்கனி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். எல்லாரையும் திருப்பி வைக்கச் சொன்னாள்.

ரஹ்மத் கீபோர்டை அவள் பக்கம் தள்ளினாள்.

"நீங்களே வைங்க. உங்களுக்கு எத்தனை பிள்ளைங்கக்கா?"

செண்பகம் போனதிலிருந்து யார் கேட்டாலும் ரெண்டு பையன் என்றுதான் சொல்லி வந்திருக்கிறாள். ரேஷன் கடை வரிசையில் சொல்லியிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் புருஷன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அவர் காதில் விழ, நர்ஸிடம் சொல்லியிருக்கிறாள். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தப் பதிலைச் சொல்லத்தான் இப்போதும் வாயைத் திறந்தாள்.



"மூணு" என்றாள்.

ரஹ்மத் தலையாட்டினாள்.

"கொழுந்தன் வரமாட்டாவ, டீச்சர்."

"அவர் முகம்தான் பேனர்ல வந்துருமேக்கா."

தெய்வக்கனிக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியில் அழுகையாகிவிட்டது. அழுதுகொண்டே ஒற்றை விரலால் எண்ணைத் தட்டினாள். மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள், கொழுந்தன் வீட்டார் எல்லாருக்குமான வட்டங்கள் வந்து வரிசையில் நின்றன. நெருக்கமாகத்தான் நின்றன. இனிமேல் ஒருவருக்கும் இடமில்லை என்பதுபோல் இருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒன்றைக் கூட்டினாள்.

நடுவில் இருந்தவர்கள் எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் நகர்ந்தார்கள். வளைகோட்டில் ஒரு வட்டத்துக்கு இடம் கிடைத்துவிட்டது.

முனையில் இருந்த இரண்டு பேர் மட்டும் அசையவே இல்லை.

ஒருவர் சுயம்பு.

இன்னொரு முகத்தைத் தெய்வக்கனி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.