டர்பைனைக் கடித்த பேய்

அந்தக் கரும்பாலையில் நீராவியில் சுழலும் டர்பைனைப் பேய் கடிக்கிறது என்று ஒரே பேச்சு. திறந்து பார்த்தால் எஃகு பிளேடுகளின் ஓரமெல்லாம் பல் பதிந்த மாதிரி அரித்துப் போயிருந்தது. புது பிளேடு மாட்டி ஓட்டினாலும் உள்ளே அதே நறநற சத்தம். மேனேஜர் குலசேகரன் பூசணிக்காய் உடைத்துப் பார்த்தார், சத்தம் நிற்கவில்லை. கடைசியில், மிஷினுக்கு எண்ணெய் போடுகிற இசக்கி மேல் பாய்ந்தார்.

“நீதான்டா அரம் வச்சு ராவியிருக்கே. இல்லேன்னா, கடிச்சவனைச் சாயங்காலத்துக்குள்ள என் முன்னால கொண்டு வா. தவறினா போலீஸ்தான்.”

சாயங்காலம் சிவப்புத் துணியால் வாய் கட்டிய செம்போடு இசக்கி வந்தான். கூடியிருந்த தொழிலாளர்கள் வழிவிட்டார்கள்.

“பிடிச்சுட்டேன் ஐயா. அவுக்கட்டுமா?”

மேனேஜர் பின்வாங்கினார். இசக்கி துணியை அவிழ்த்தான். உள்ளே தண்ணீர்.

“தண்ணி எஃகைக் கடிக்குமாடா?”

“செம்புக்குள்ள இருந்தா சாது ஐயா. நீராவியோட சேர்ந்து பாய்ஞ்சா ஒவ்வொரு துளியும் ஒரு பல்லு. நீராவி குளிர்ந்து சேருற இந்தத் தண்ணியை வெளியேத்துற குழாயைத்தான், நீராவி வீணாகுதுன்னு நீங்க மூடச் சொன்னீங்க.”

“சும்மா அளக்காதே!”

இசக்கி போய் அந்தக் குழாயைத் திறந்தான். கொதிக்கிற தண்ணீர் சீறிக்கொண்டு கொட்டியது. உள்ளே நறநறப்பு மெல்ல அடங்கியது. அந்த அமைதியில்தான் எல்லோருக்கும் உடம்பு சிலிர்த்தது.

“தன்னை யாரு உள்ள பூட்டி வச்சதுன்னு அதுவே சொல்லிட்டுது ஐயா. இப்ப போலீஸைக் கூப்பிடட்டுமா?”