செல்லோக்கள் முந்திக்கொண்ட இடம்

தீர்ப்புச் சொல்ல ஆசைப்படுகிறவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். கடைசியில் கேள்வி உங்கள் பக்கம்தான் வரப்போகிறது.

சென்னையில் ஓர் இசைக்குழு. வயலினும், அதற்குப் பெரிய அண்ணன் மாதிரியான செல்லோவுமாகப் பதினெட்டுப் பேர். அதை நடத்துகிறவர் சூசன் ரத்தினம். இளம்பெண் ஒருத்தியை ஓராண்டு தன் அருகிலேயே வைத்துக்கொண்டு, குழுவை நடத்தும் வித்தையைச் சொல்லிக்கொடுப்பதாக அவர் அறிவித்திருந்தார். இடம் ஒன்றே ஒன்று. வயது இருபத்தைந்தைத் தாண்டக் கூடாது.

தூத்துக்குடிப் பெண் பெர்னதெத்துக்கு அடுத்த மாதம் இருபத்தாறு. ஊர் மாதா கோயில் பாடகர் குழுவில் மாஸ்டருக்குக் காய்ச்சல் வந்தால்தான் அவள் முன்னால் நின்று கையசைக்க முடியும். மாஸ்டரோ கல்லுக்குண்டு மாதிரி இருந்தார். இதை விட்டால் அவளுக்கு வேறு வழி இல்லை, பாவம்.

தேர்வு எளிது. குழு நூறு தடவை வாசித்துப் பழகிய ஒரு சின்ன உருப்படியை, வந்திருக்கும் மூன்று பெண்களும் ஆளுக்கொரு முறை நடத்த வேண்டும். வாசிப்பவர்கள் எல்லாம் ஒலிப்பதிவுக் கூடங்களில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். யார் முன்னால் வந்து நடத்துநரின் சிறு கோலை வீசினாலும், அவர்கள் கண் என்னவோ முதல் வயலின் பொன்னுசாமியின் வில்மேல்தான் இருக்கும். அவர் எடுத்தால் எடுப்பார்கள், நிறுத்தினால் நிறுத்துவார்கள்.

முதலில் அஞ்சனா. இசைக்குறிப்புத் தாளைப் பார்க்கவே இல்லை, முழுவதும் மனப்பாடம். மெதுவான பகுதியில் கண்ணை மூடிக்கொண்டு கைகளை மிதக்கவிட்டாள். இசை தேனாக வந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த பெர்னதெத் தன் தாளை இன்னொரு முறை புரட்டினாள்.

அடுத்து மெஹருன்னிசா. விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தபோது கோல் கை நழுவி ஒரு நாற்காலிக்கடியில் உருண்டது. அவள் அசரவில்லை. குனிந்து, தேடி, எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள். அதுவரை இசை ஓர் இழைகூடப் பிசகவில்லை. அந்த நிதானத்துக்குப் பலத்த கைதட்டல்.

பெர்னதெத் மேடையேறியதும் கோலைத் தூக்கவில்லை. நேரே பொன்னுசாமியிடம் போனாள். "அண்ணாச்சி, நடுவுல ஒரு இடத்துல ரொம்ப மெதுவா, மூச்சு விடுத மாதிரி வேணும். எல்லாரும் என் கையைக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க."

"சரிம்மா, பாத்துட்டாப் போச்சு" என்று சிரித்தார் அவர்.

அந்த இடம் வந்தது. பதினெட்டுப் பேரும் ஒலியைத் தணித்தார்கள். அந்த உருப்படியில் அதுவரை யாரும் கேட்டிராத ஓர் அமைதி பிறந்தது. அதில் அவளே சொக்கிவிட்டாள் போலும். செல்லோக்களுக்கு ஓர் எண்ணிக்கை முந்தியே கை காட்டிவிட்டாள். நான்கு செல்லோக்களும் ஒன்றாக முந்திக்கொண்டு நுழைந்தன. வயலின்கள் தடுமாறின. எல்லாம் சந்தைக்கடை ஆயிற்று.

அவள் கையை இறக்கினாள். "தப்பு என்னோடது. அந்த அமைதியிலருந்து இன்னொரு தடவை போவமா?"

போனார்கள், முடித்தார்கள். கைதட்ட யாருக்கும் தோன்றவில்லை. ரயிலுக்கு நேரமாயிற்று என்று பொய் சொல்லிவிட்டு, பையோடு வெளியே வந்தாள் பெர்னதெத். படியிறங்கும்போதே கண்ணில் நீர் முட்டியது.

இப்போது நீங்கள் சொல்லுங்கள்: அந்த ஓர் இடம் மூவரில் யாருக்குப் போவது நியாயம்?

விடை: பெர்னதெத்துக்குத்தான். அஞ்சனா கண்ணை மூடியபோதும், மெஹருன்னிசாவின் கோல் தரையில் கிடந்தபோதும் இசை அதுபாட்டுக்குப் போனது. நடத்தியது பொன்னுசாமியின் வில். பெர்னதெத்தின் கை தவறியபோதோ குழுவும் கூடவே தவறியது. அந்தக் கையைப் பார்த்து வாசித்தவர்களால்தான் அப்படித் தவற முடியும். பார்க்கச் சொல்லிக் கேட்டு வாங்கினாளே என்பீர்கள். கேட்கத் தெரிவது இந்த வேலையில் பாதி. பொன்னுசாமியே சூசனிடம் ஒப்புக்கொண்டார்: "முப்பது வருஷமா எல்லாரும் என் வில்லைத்தான் பாப்பாங்க மேடம். இன்னிக்கு நானே அந்தப் பொண்ணு கையைப் பாத்துட்டிருந்தேன்." பேருந்து நிறுத்தத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றவளின் கைப்பேசி ஒலித்தது. "எங்கம்மா ஓடிட்ட?" என்றார் சூசன். "நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு வந்துடு. மொதல்ல, அந்தச் செல்லோவுக்கு எப்போ கை காட்டணும்னு பாப்போம்."