பூட்டுக் காட்சியின் அக்கா

ஒரு படச்சுருளுக்குள் அறுபத்திரண்டு காட்சிகள் ஒரே குடும்பமாக வாழ்ந்துவந்தன. கடைக்குட்டியின் பெயர் பூட்டுக் காட்சி. அதில் செண்பகம் என்கிற பெண் வீட்டைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறுவாள். ஒரு வசனம்கூடக் கிடையாது.

"எனக்கு எதற்கு வசனம்? எல்லாவற்றையும் அக்காதான் முன்னாலேயே சொல்லிவிடுகிறாளே" என்று அது பெருமை அடித்துக்கொள்ளும்.

அக்கா என்றது பெல்ட் காட்சியை. செண்பகத்தின் புருஷன் பெல்ட்டைக் கழற்றி அவளை அடிப்பான். ஒரு நிமிடம் கேமரா கண்ணை மூடாமல் பார்த்துக்கொண்டிருக்கும். அவ்வளவுதான் அவள்.

தணிக்கைக்காரர்கள் படம் பார்த்தார்கள். "நல்ல படம். பெல்ட் காட்சி இருந்தால் 'ஏ'. எடுத்தால் 'யு'" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

எடிட்டிங் அறைக்கு இரண்டு சான்றிதழ்களும் வந்தன. 'ஏ' தனியாக வந்தது. 'யு' வரும்போதே பின்னால் கல்யாண வீட்டுக் கூட்டம்: குடும்பங்கள், பள்ளிக்கூட விடுமுறை, டி.வி. உரிமை.

தயாரிப்பாளர் தணிகாசலம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னை எடுத்துக்கொண்டால் படம் முழுசாக இருக்கும். ஆனால் டி.வி.க்காரர்கள் என் முகத்தில் முழிக்க மாட்டார்கள். பொய் சொல்ல எனக்குத் தெரியாது" என்றது 'ஏ'.

"என் மாமனார் வீட்டுப் பத்திரம் பைனான்சியர் பீரோவுல கெடக்கு. நான் என்ன பண்ணட்டும்?" என்றார் தணிகாசலம். அவர் கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை, நிஜமாகவே கலங்கியிருந்தது.

கத்திரிக்கோல் எழுந்து நின்றது. உடனே துரத்தல் பாட்டு நடுங்க ஆரம்பித்தது. அதில் கதாநாயகன் ஒரு பெண்ணைக் கல்லூரியிலிருந்து கோயில்வரை துரத்தி, துப்பட்டாவைப் பிடித்து இழுப்பான்.

"நீ ஏன் நடுங்குகிறாய்? நீ சுத்தமான 'யு'. குழந்தைகள் உன்னை மனப்பாடமாகப் பாடும்" என்று அதைத் தட்டிக்கொடுத்துவிட்டு, கத்திரிக்கோல் பெல்ட் காட்சியிடம் போனது.

பூட்டுக் காட்சி குறுக்கே விழுந்தது. "அண்ணே, அக்காவை விட்டுவிடுங்கள். அவள் போய்விட்டால் நான் எதற்காகப் பஸ் ஏறுகிறேன் என்று யாருக்குத் தெரியும்?"

"நீதான் வாயே திறக்காத பிள்ளையாச்சே. உன்னிடம் யார் கேட்கப்போகிறார்கள்?" என்றது கத்திரிக்கோல்.

ஒரே வெட்டு. அக்கா சுருண்டு கூடைக்குள் விழுந்தாள்.

படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. பத்திரம் வீடு திரும்பியது. தணிகாசலம் திருத்தணிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டார். அந்த மனிதரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

பூட்டுக் காட்சி பட்ட பாடுதான் கொஞ்சநஞ்சமல்ல. செண்பகம் சாவியை நீட்டியதும் தியேட்டரில் விசில் பறந்தது. "திமிர் புடிச்சவ! நல்லாத்தானடி வெச்சிருந்தான்!" என்று கத்தினார்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் அது கூனிக் குறுகிப் பஸ் ஏறியது. பதில் சொல்ல ஒரு வசனம்கூட இல்லாமல் போயிற்றே என்று அழுதது.

பிறகு படம் டி.வி.க்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், திருப்பூரில் ஒரு வீடு. கறிச்சோறு தின்றுவிட்டுப் பழனியப்பன் கட்டிலில் சாய்ந்திருந்தான். மனைவி சரசாள் கீழே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பூட்டுக் காட்சி வழக்கம்போல் தலையைக் குனிந்துகொண்டு திரைக்கு வந்தது.

"பாத்தியா புள்ள, சோறு போட்ட புருசனை ஒரு காரணமும் இல்லாம உட்டுப்போட்டுப் போறா. இதெல்லாம் ஒரு குடும்பப் படமாக்கும்" என்றான் பழனியப்பன்.

சரசாள் முந்தானையை இழுத்து, முழங்கைக்கு மேலே இருந்த தடிப்பை மூடிக்கொண்டாள். பஸ் ஏறுகிறவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காரணம் இல்லாமயா போவா?" என்றாள். "அதை வெட்டிப்போட்டிருப்பாங்க."