ஏழு வாய்க் கொற்றி

நத்தைக்குளத்தில் கொற்றி என்று ஒரு வாத்து இருந்தாள். தலையில் இரண்டு கறுப்பு வரி போட்ட வரித்தலை வாத்து! பனிமலைக்கு அப்பால் பிறந்தவள். கார்த்திகையில் இருபத்திரண்டு வாத்துகளைக் கூட்டிக்கொண்டு தெற்கே வருவாள். பங்குனியில் திரும்ப அழைத்துப் போவாள். வழியெல்லாம் எதிர்காற்றைக் கிழித்துக்கொண்டு முன்னால் பறப்பது அவள்தான். அவ்வளவு தூரம் முன்னால் பறக்கிறவளுக்குப் பெருமை இருக்காதா? இருந்தது. கொஞ்சநஞ்சமில்லை, கழுத்து வரைக்கும் இருந்தது!

அந்தப் பெருமைக்கு இன்னொரு காரணமும் உண்டு. முந்தின வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. கூட்டம் வந்து இறங்கியபோது குளத்தில் ஒரு குட்டையளவு தண்ணீர்தான் கிடந்தது. ஓரத்தில் நாலைந்து கோரை. அவ்வளவுதான் சாப்பாடு. வாத்துகள் ஒன்றையொன்று கொத்திக்கொண்டு சண்டை போட்டன.

கொற்றி நடுவில் வந்து நின்றாள்.

"நிறுத்துங்க! இன்னையிலேர்ந்து ஆளுக்கு ஏழு வாய்! ஏழாவது வாய் முடிஞ்சதும் தலையைத் தூக்கி, எல்லாருக்கும் கேக்குற மாதிரி 'போதும்'னு சொல்லணும். சொல்லிட்டு நகர்ந்துடணும்!"

முதலில் அவளே ஏழு வாய் தின்றாள். "போதும்!" என்று கத்தினாள். நகர்ந்தாள். மற்றவையும் அப்படியே செய்தன. பங்குனி வந்தது. மலை தாண்டிப் பறக்க யாருக்கும் தெம்பில்லை. கோடை முழுக்க அங்கேயே கிடந்தார்கள். ஏழு வாய், ஏழு வாய் என்றே ஒரு வருஷம் ஓடிற்று. ஆனால் ஒரு வாத்துகூடச் சாகவில்லை! இருபத்திரண்டும் பிழைத்தன. அது லேசுப்பட்ட காரியமா? நீங்களே சொல்லுங்கள்!

அப்புறம் ஐப்பசியில் மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தது. கோரை ஆள் உயரம் வளர்ந்தது. தைமாதம் அறுப்பு முடிந்து, வயலெல்லாம் சிந்தின நெல்.

ஆனால் பாருங்கள், சட்டம் போட்டவள் சட்டத்தை எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

மற்ற வாத்துகள் என்ன செய்தன தெரியுமா? கோரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வயிறு முட்டத் தின்றன. பிறகு அலகைத் துடைத்துக்கொண்டு கொற்றி முன்னால் வந்து, மரியாதைக்கு ஏழு வாய் கொறித்து, "போதும்!" என்று கத்தின. கொற்றி மட்டும் உண்மையாகவே ஏழு வாயோடு நிறுத்தினாள்.

அவள் நெஞ்செலும்பு துருத்திக்கொண்டு நின்றது. உதிர்ந்த இறகு திரும்ப முளைக்கவில்லை. உச்சி வெயிலில் நின்றாலும் கால் சில்லிட்டது. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நீந்தினால் ஒரு தூக்கம் போடவேண்டியிருந்தது.

அவளுக்கு ஒரு சிநேகிதி உண்டு. பெயர் சோணி. நாமக்கோழி. உடம்பெல்லாம் கறுப்பு, நெற்றியில் மட்டும் வெள்ளை நாமம். பெயர்தான் சோணி, ஆள் உருண்டை! விடிந்தால் அடைந்தால் வாயில் ஏதாவது பாசி தொங்கும்.

"அடியே கொற்றி! இந்தக் கிழங்கைத் தின்னு பாரேன். வெல்லம் மாதிரி இருக்கு!"

"வேண்டாம். ஏழு வாய் ஆயிடுச்சு."

"இன்னும் பஞ்சமா நடக்குது? எட்டாவது வாய் தின்னா வானம் இடிஞ்சு விழுந்துடுமா?"

"உன்னை மாதிரி வயித்தைக் கட்டிக்கிட்டு அழறவ இல்ல நான். நான் ஏழு வாய்க்காரியாக்கும்!"

சோணிக்குக் கோபம் வந்தது. கோபத்தில் அந்தக் கிழங்கையும் அவளே தின்றுவிட்டாள்.

குளத்துக் கரையில் சடையன் என்று ஒரு நரி இருந்தான். தினமும் காலையில் வந்து கும்பிடு போடுவான்.

"கொற்றித் தாயி! உங்களைப் பார்த்தாலே கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்கு! எல்லாரும் திங்கிறதுக்குன்னே பொறந்த மாதிரி அலையுறாங்க. நீங்க ஒருத்தர்தான் வாயைக் கட்டினவங்க! ஆறு வாயாக் குறைச்சா இன்னும் லேசா இருக்கும். காத்துல மிதந்தே போயிடலாமே!"

கொற்றிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மறுநாள் முதல் ஆறு வாய்!

நரி வாத்தைக் கொழுக்க வைக்கத்தானே பார்ப்பான், இவன் ஏன் மெலிய வைக்கிறான் என்று கேட்கிறீர்கள். அதற்குப் பதில் சோணிக்குத்தான் கிடைத்தது. ஒருநாள் கோரைக்குள் பாசி தின்றுகொண்டிருந்தபோது, சடையனும் அவன் பெண்டாட்டியும் பேசுவது காதில் விழுந்தது.

"ஏங்க, அவ எலும்பும் தோலுமா இருக்கா. அவளைப் போய் இன்னும் மெலிய வைக்கிறீங்களே, உங்களுக்குக் கிறுக்கா?"

"உனக்கு என்னடி தெரியும்! கொழுத்த வாத்து பங்குனியில பறந்துடும். பறந்தப்புறம் அண்ணாந்து பார்த்து எச்சில் விழுங்கவா? இவளுக்குச் சிறகுல தெம்பில்ல. இங்கேயே கிடப்பா. இப்போ நடுக்குளத்து மேட்டுல படுத்திருக்கா, சுத்தித் தண்ணி. சித்திரையில தண்ணி வத்தும். நாம கால் நனையாம நடந்து போயி, அலுங்காம எடுத்துக்கலாம்!"

சோணிக்கு வாயிலிருந்த பாசி நழுவி விழுந்தது. அவள் பிறந்ததிலிருந்து வாயில் வைத்ததைக் கீழே விட்டது அன்றைக்குத்தான். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினாள்.

அங்கே வேறொரு கூத்து நடந்துகொண்டிருந்தது. தை பாதி கடந்தால் வாத்துகள் ஒத்திகை பார்ப்பது வழக்கம். கரையில் வரிசையாகப் பனைமரங்கள். அதைத் தாண்டிப் பறந்து ஒரு சுற்று வரவேண்டும். வழக்கம்போலக் கொற்றி முன்னால் ஓடினாள். சிறகை அடித்தாள். எழும்பினாள். பனை மட்டை வரைக்கும்கூடப் போகவில்லை, மூச்சு வாங்கிவிட்டது. தொப்பென்று சேற்றில் விழுந்தாள்!

இருபத்திரண்டு வாத்தும் மேலே சுற்றிக்கொண்டிருந்தன. பார்க்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டன. திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும்.

சோணி பக்கத்தில் போய் நின்று, நரி பேசியதை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

கொற்றி சேற்றோடு தலையைத் தூக்கினாள். "இருக்காது! ஏழு வாய்தானே எங்க எல்லாரையும் காப்பாத்துச்சு?"

"காப்பாத்துச்சு! யாரு இல்லேன்னா? உன் மாதிரி ஒருத்தி இல்லேன்னா இத்தனை பேரும் போயிருப்பாங்க. ஆனா மழை பெஞ்சுது. குளத்துக்குத் தெரியும், கோரைக்குத் தெரியும், எனக்குத் தெரியும். உன் உடம்புகிட்ட யாராவது சொன்னாங்களா?"

"உடம்புகிட்டயா?"

"ஆமாண்டி! அது இன்னும் பஞ்சத்துலயே உக்காந்திருக்கு. எதுக்கு இறகு, எதுக்குச் சூடு, எதுக்குப் பறக்கிற தெம்பு, எல்லாத்தையும் நிறுத்தி வை, உசிர் மட்டும் ஓடினா சரின்னு அடுப்பை அணைச்சுட்டுக் கிடக்கு. நீதான் சொல்லணும். வாயால சொன்னா அதுக்குக் கேக்காது. தின்னுதான் சொல்லணும்!"

கொற்றிக்கு அழுகை வந்தது. அழுதாள். அப்புறம் எழுந்து போய், ஆத்திரத்தோடு நாற்பது வாய் நெல்லை ஒரே மூச்சில் விழுங்கினாள். அவ்வளவும் வெளியே வந்துவிட்டது! சுருண்டு படுத்துவிட்டாள்.

"அறிவு கெட்டவளே! ஒரு வருஷத்துக்கு மேல காஞ்ச வயிறுடி! ஒரே நாள்ல வாரிக் கொட்டினா தாங்குமா? இன்னைக்கு எட்டு வாய். நாலு நாள் கழிச்சுப் பத்து. அப்புறம் பன்னெண்டு. மெதுவா ஏத்து. ஆனா இறக்காதே!" என்றாள் சோணி.

கொற்றி எட்டு வாய் தின்றாள். பத்து தின்றாள். பன்னிரண்டு தின்றாள். வந்தது பாருங்கள் வினை! சிறகில் தெம்பு ஏறவில்லை. வயிறுதான் முதலில் ஏறியது. கால் வீங்கியது. பகலெல்லாம் தூக்கம். சடையன் கரையில் நின்று மாரில் அடித்துக்கொண்டான்.

"ஐயோ தாயி! உங்க தவமெல்லாம் போச்சே! வயிறு சட்டி மாதிரி தொங்குதே! இந்தக் கண்ராவியை நான் பார்க்கணுமா!"

கொற்றிக்கு மானம் போன மாதிரி இருந்தது. மறுநாள் ஏழாவது வாயோடு "போதும்" என்று சொல்லிவிட்டுக் கோரைப் பக்கம் நகர்ந்தாள். அங்கே ஒரு வாத்து ஒளிந்து தின்றுகொண்டிருந்தது. அதன் பெயர் சிட்டாள். கொற்றியைக் கண்டதும் வாய் நிறையக் கிழங்கோடு, "போதும், போதும்!" என்று உளறியது. விக்கல் எடுத்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கொற்றி திடுக்கிட்டாள். "ஏன் சிட்டாளு பயப்படுறே?"

"உங்க முகத்துல எப்படி முழிப்பேன்க்கா? நீங்க இன்னைக்கும் ஏழு வாயோட நிறுத்திட்டீங்க. நான்..."

"எத்தனை நாளா ஒளிஞ்சு தின்னுறீங்க?"

"மழை பெஞ்ச நாளிலேர்ந்து எல்லாருமேதான்க்கா."

இத்தனை நாள் தன்னை எண்ணிப் பூரித்த கொற்றிக்கு முகம் சிறுத்துப் போனது. உயிரைக் காப்பாற்றப் போட்ட சட்டம், இப்போது பசித்தவளைத் திருடியாக்கியிருந்தது. அவள் விடுவிடுவென்று மேட்டின் மேல் ஏறினாள். தொந்தி குலுங்கத்தான் ஏறினாள். கழுத்தை நீட்டிக் கூப்பிட்டாள்.

"எல்லாரும் வாங்க! ஒளிஞ்சிருக்கிறவங்களும் வெளியே வாங்க! பஞ்சம் போயிடுச்சு. அன்னைக்கே சொல்லியிருக்கணும், சொல்லாதது என் தப்பு. ஏழு வாய்ச் சட்டம் இத்தோட எடுத்தாச்சு! இனிமே 'போதும்'ங்கிறதை வயிறு சொல்லட்டும், வாய் சொல்ல வேணாம்!"

சொல்லிவிட்டு அத்தனை பேர் முன்னாலும் எட்டாவது வாய் தின்றாள். ஒன்பதாவது தின்றாள். பதினாலு வாய் தின்றுவிட்டு நிமிர்ந்து நின்றாள். கூட்டம் ஹோவென்று ஆர்ப்பரித்தது. பஞ்சத்தில் முதல் ஆளாக நகர்ந்தவள், மழையில் முதல் ஆளாகத் தின்றாள்! தலைவி என்றால் அப்படி இருக்கவேண்டும்.

அதற்கப்புறம் சடையன் சட்டி என்றான், பானை என்றான். கொற்றி தின்றுகொண்டே கேட்டாள். ஒரு வாயும் இறக்கவில்லை.

மாசியில் ஒருநாள் காலையில் கால் கதகதவென்றிருந்தது. வீக்கம் வடிந்துவிட்டது. இன்னொருநாள் காலையில் பசி அவளை உலுக்கி எழுப்பியது. சும்மா பசியா? "சோணி! எனக்குப் பசிக்குதுடி! அகோரமாப் பசிக்குது!" என்று குளமே அதிரக் கத்தினாள். பசியெடுத்ததற்குக் கூத்தாடின வாத்தை அந்தக் குளம் அதற்குமுன் பார்த்ததில்லை. முளைக்காமல் கிடந்த இறகுகள் குருத்துவிட்டன. வயிற்றில் நின்றது நெஞ்சுக்கும் சிறகுக்கும் நகர்ந்தது. நெஞ்செலும்பு எங்கே என்று தேடவேண்டியிருந்தது!

பங்குனி பிறந்தது. வடக்கே போகும் நாள் வந்தது. சடையன் ஓடி வந்தான். கடைசிப் பாட்டைப் பாடிப் பார்த்தான்.

"தாயி, இவ்வளவு கனத்தைத் தூக்கிக்கிட்டு மலை தாண்ட முடியுமா? ஒரு பத்து நாள் வாயைக் கட்டிட்டு, லேசானப்புறம் கிளம்புங்களேன்!"

"சருகுகூட லேசுதான் சடையா! அது எந்த மலையைத் தாண்டிச்சு?" என்றாள் கொற்றி.

சோணி பக்கத்தில் வந்து நின்றாள். "வழியில இறங்குற இடத்திலெல்லாம் தின்னுடி" என்று மட்டும் சொன்னாள்.

"தின்னுறேன்டி. நீ சொல்லணுமா?"

கொற்றி தண்ணீர்மேல் ஓடினாள். சிறகு ஒவ்வொரு அடிக்கும் 'பட், பட்' என்று அறைந்தது. எழும்பினாள். பனை மட்டைக்கு மேலே போனாள், பனைக்கு மேலே போனாள், இன்னும் மேலே போனாள். பின்னால் இருபத்திரண்டும் இரண்டு வரிசையாகப் பிரிந்து சேர்ந்துகொண்டன. எதிர்காற்று முகத்தில் மோதியது. அதை நெஞ்சால் தள்ளிக்கொண்டு, தலையில் இரண்டு வரியும் வெயிலில் பளபளக்க, அவள்தான் முன்னால் பறந்தாள்! கீழே சோணி, "அது என் சிநேகிதி! பார்த்தீங்களா, அது என் சிநேகிதி!" என்று கொக்கையும் தவளையையும் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினாள்.

சித்திரையில் தண்ணீர் வற்றியது. சடையனும் பெண்டாட்டியும் கால் நனையாமல் மேட்டுக்கு நடந்து போனார்கள். அங்கே வாத்து எச்சம்தான் மிச்சம்.

இல்லாத நாளில் வயிற்றைக் கட்டிப் பிழைத்தது பெருமைதான், ஆனால் நல்ல நாள் வந்தபின் அந்த உடம்புக்கு வயிறாரப் போட்டு அதை மீட்டெடுப்பது அதைவிடப் பெரிய பெருமை.